முகமூடியின் பின்பக்கம்

சியாட்டிலிலோ வான்கூவரிலோ ஒரு கலைப்பொருள் கடையில் மர முகமூடி ஒன்றைக் கையில் கொடுத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். முன்பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக ஓர் அண்டங்காக்கை முறைத்துக்கொண்டிருக்கும். அது இருக்கட்டும். பின்பக்கத்தை வளைகத்தியால் குடைந்திருந்தால் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசை கட்டி நிற்கும். கண் துளையின் ஓரத்திலும் மூக்கின் உள்வளைவிலும் கத்தி திரும்பிய தடம் தெரியும். எந்திரத்தில் குடைந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. அப்புறம், அங்கே ஒட்டியிருக்கும் சீட்டு. மரத்தின் பெயர், செதுக்கியவர் பெயர், கூடவே ஒரு வரி: ‘வடமேற்குக் கரைப் பூர்வகுடிக் கலை மரபின் உந்துதலில் செய்தது.’

அந்தக் கடைசி வரிக்கு என்ன பொருள்? பூர்வகுடியில் பிறக்காத ஒருவர் பட்டறை போட்டு, ஹைடா என்ற பூர்வகுடியின் பாணியில் முகமூடியும் பெட்டியும் கம்பமும் (குலக்குறிகள் செதுக்கிய உயரமான மரத்தூண், ‘டோட்டம் போல்’) செதுக்கி விற்கிறார். இது மரியாதையா, திருட்டா, வெறும் வியாபாரமா? மூன்றாகவும் இருந்திருக்கிறது. எது எப்போது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்தக் கரையின் மரவேலை எப்படி நடக்கிறது, அதில் யாருக்கு எது சொந்தம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அலாஸ்காவின் தென்கிழக்கு முனையிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வழியாக அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் வரை நீளும் கடலோரம் அது. ட்லிங்கிட், ஹைடா, சிம்ஷியான், நிஸ்கா, கிட்க்சான், ஹைஸ்லா, குவாகுவாக்காவாக்கு, மக்கா, சேலிஷ் என்று பல மக்கள். மொழிகள் வேறு, சில ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது மூன்று: மழை, சால்மன் மீன், சிவப்பு சிடார் மரம்.

இந்த சிடார் செதுக்குபவருக்கென்றே வளர்ந்த மரம் போலத்தான் இருக்கும். இழை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். ஆப்பு வைத்து அடித்தால் ரம்பமே இல்லாமல் பலகை பலகையாகப் பிளக்கும். எடை குறைவு. மரத்துக்குள்ளேயே பூஞ்சணத்தைத் தடுக்கும் வேதிப்பொருள் இருப்பதால் ஓயாத மழையிலும் பல பத்தாண்டு நிற்கும். வீட்டுத் தூண், படகு, பெட்டி, முகமூடி, கயிறு, பட்டையிலிருந்து பாய் என எல்லாம் அதிலிருந்துதான். வாஷிங்டனில் மக்கா மக்களின் ஒசெட் என்ற ஊர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் சேறு சரிந்து புதைந்துபோனது. 1970 முதல் 1981 வரை தோண்டியபோது அங்கிருந்து 50,000-க்கு மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன, பெரும்பாலும் மரமும் நாரும். இரும்பு அலகு வைத்த கருவிகளும் இருந்தன, ஐரோப்பியர் அந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே. கடல் கடந்து மிதந்து வந்த சிதைந்த கப்பல்களின் இரும்பாக இருக்கும் என்பதுதான் பொதுவான கருத்து.

முதன்மையான கருவி, மரத்தைக் கொத்திச் செதுக்க நம் தச்சர்கள் வைத்திருக்கும் வாச்சியேதான். அங்கே கைப்பிடியை மரத்தண்டும் கிளையும் பிரியும் கவட்டிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். அந்த வளைவு மரத்திலேயே இயல்பாக இருப்பதால் உடையாது. அலகுக்குப் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை, தேய்ந்த அரம் எதுவானாலும் சரி. கடையில் வாங்கிய கருவியோடு வேலை கற்க வருகிறவரை முதலில் தனக்கொரு வாச்சியும் வளைகத்தியும் செய்துகொள்ளச் சொல்லும் பட்டறைகள் உண்டு. வளைகத்தியைத் தன்னை நோக்கி இழுத்துச் சீவ வேண்டும், தள்ளக் கூடாது. கடைசி இழைப்பிலும் வாச்சியின் தடத்தை அழிப்பதில்லை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், மீன் செதில் போல வரிசையாக வந்த கொத்துகள்தான் நல்ல கைக்கு அடையாளம்.

கையை விட அறிவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு மடித்த பெட்டியைச் சொல்லலாம். நான்கு பக்கமும் ஒரே பலகை. மூலை வரும் மூன்று இடங்களில் மட்டும் குறுக்கே பள்ளம் வெட்டி, பலகையை ஆவியில் வேகவைத்து, வெளியே எடுத்ததும் ஆறுவதற்குள் மடிக்க வேண்டும். மூன்று மூலை மடிந்ததும் இரு முனையும் நான்காவது மூலையில் சந்திக்கும். அங்கே மர ஆணி அடித்தோ நாரால் தைத்தோ முடிப்பார்கள். அடிப்பலகையை இறுக்கமாகப் பொருத்திவிட்டால் தண்ணீர்கூட ஒழுகாது. சுட்ட கல்லை உள்ளே போட்டு அதிலேயே மீன் சமைத்தார்கள். வெட்டிய பள்ளம் ஒரு மயிரிழை ஆழம் குறைந்தால் மூலை பிளந்துவிடும், கூடினால் பலகை முறியும்.

இனி மேற்பரப்பில் இருக்கும் ஓவியம். கண்ணுக்கு முதலில் படுவது ஓவல் போன்ற ஒரு வடிவம், ஆனால் ஓவல் இல்லை. மேல்கோடு வில் போல உயர்ந்திருக்கும், கீழ்க்கோடு நடுவில் சற்று உள்வாங்கியிருக்கும், மூலைகள் உருண்டிருக்கும். கண், மூட்டு, தலை எல்லாம் அதுதான். அடுத்தது ‘யு’ எழுத்து வடிவம்: இறகு, செவி, வால். இவற்றை இணைத்துக்கொண்டு ஒரு கோடு ஓடும். தடித்து மெலிந்து, எங்கும் அறுபடாமல், உருவம் முழுவதையும் ஒரு வலைபோலப் பிடித்திருக்கும். அது பெரும்பாலும் கறுப்பு. அடுத்த நிலைக் கோடு சிவப்பு. அதற்கும் உள்ளே, குழித்த பகுதிகளில் சில சமயம் நீலப்பச்சை. இந்த ஓடும் கோட்டுக்கு இன்று எல்லோரும் சொல்லும் பெயர் ஃபார்ம்லைன்.

அந்தப் பெயரை வைத்தவர் பூர்வகுடியைச் சேர்ந்தவர் இல்லை. சியாட்டிலைச் சேர்ந்த பில் ஹோம், வெள்ளையர், ஓவிய ஆசிரியர், பிறகு பர்க் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். ஏறக்குறைய 400 பழைய பொருட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, ஓரத்தில் துளையிட்டு, எந்த வடிவம் எங்கே எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். 1965-இல் அது நூலாக வந்தது. கைப்பழக்கமாக மட்டும் இருந்த ஒரு மொழிக்கு முதன்முறையாக எழுத்தில் இலக்கணம் கிடைத்தது. விதிகள் தாளில் வந்துவிட்டால் என்ன ஆகும்? யார் வேண்டுமானாலும் கற்கலாம். இன்று ‘உந்துதல்’ என்று பலகை மாட்டியிருக்கும் பட்டறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் அந்த நூலின் வாரிசுகள்.

ஆனால், கற்றுக்கொடுக்க ஊரிலேயே ஆட்கள் இருக்கும்போது ஒரு வெள்ளைக்காரர் எதற்காக அட்டையில் துளை போட வேண்டும்? ஆட்கள் குறைந்துபோனார்கள் என்பதே பதில்.

1862-இல் பெரியம்மை அந்தக் கரையை ஊர் ஊராகக் காலி செய்தது. பல ஆயிரமாக இருந்த ஹைடா மக்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நூறு பேர். அதே காலத்தில் கனடா அரசு பொட்லாட்ச் என்ற விருந்துச் சடங்கைத் தடை செய்தது. சட்டத் திருத்தம் 1884-இல், அமல் 1885 முதல். கம்பம் நடுவது, பெயர் சூட்டுவது, இறந்தவருக்குக் கடன் தீர்ப்பது, முகமூடி அணிந்து ஆடுவது எல்லாம் அந்த விருந்தில்தான் நடக்கும். விருந்து இல்லையென்றால் கம்பத்துக்கும் முகமூடிக்கும் வேலையே இல்லை. 1921-இல் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்ற குவாகுவாக்காவாக்குத் தலைவர் ஒரு பெரிய பொட்லாட்ச் நடத்தினார். போலீஸ் வந்தது. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசினார்கள். சிலர் ஒப்படைத்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். பொருட்கள் ஒட்டாவாவுக்கும் டொரன்டோவுக்கும் நியூயார்க்கில் ஒரு சேகரிப்பாளரிடமும் போய்ச் சேர்ந்தன. 1951-இல் புதிய சட்டம் எழுதியபோது தடைப்பிரிவு சத்தமில்லாமல் விடுபட்டது. மன்னிப்பு எதுவும் இல்லை.

இடைப்பட்ட 66 ஆண்டுகளில் செதுக்கும் கை அடியோடு நின்றுவிடவில்லை. குவாகுவாக்காவாக்கு மக்களிடையே ஒளிந்து ஒளிந்து நடந்தது. மங்கோ மார்ட்டின் போன்றவர்கள் அதைக் கைவிடவில்லை. 1952-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா நகரிலிருந்த மாகாண அருங்காட்சியகம் அவரைத் தலைமைச் செதுக்குநராக அழைத்தது. இற்றுப்போன பழைய கம்பங்களுக்கு நகல் செதுக்குவதுதான் வேலை. அவர் அதோடு நிற்காமல் அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே ஒரு பெரிய வீட்டைக் கட்டி, 1953 டிசம்பரில் பொட்லாட்ச் நடத்தித் திறந்தார். தடை நீங்கிய பிறகு வெளிப்படையாக நடந்த முதல் பொட்லாட்ச் என்று அதைச் சொல்வார்கள். 1956-இல் அவர் தலைமையில் செதுக்கிய 127 அடிக் கம்பத்தை அந்த நகரத்தில் நட்டார்கள். மருமகன் ஹென்றி ஹன்ட், பேரன் டோனி ஹன்ட் எல்லோரும் அவருடைய செதுக்குக் கொட்டகையில் வேலை கற்றவர்கள். பில் ஹோமும் அவரிடம் பழகியவர். சிறைக்கு அஞ்சாமல் விருந்து நடத்திய கிரான்மரின் மகன் டக் கிரான்மர், பில் ரீட் என்ற ஹைடா கலைஞரோடு சேர்ந்து வான்கூவர் பல்கலைக்கழகத்தில் ஹைடா வீடுகளையும் கம்பங்களையும் எழுப்பினார்.

இப்படி அருங்காட்சியகம் பள்ளிக்கூடமாக மாறியது. இதில் ஒரு விசித்திரமும் நடந்தது. 1970-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹேசல்டனில், கிட்க்சான் மக்களின் சொந்த ஊரிலேயே ஒரு செதுக்குப் பள்ளி தொடங்கியது. அங்கே கற்றுக்கொடுக்க வந்தவர்களில் டுவேன் பாஸ்கோவும் ஒருவர்: சியாட்டில்காரர், பூர்வகுடியைச் சேராதவர். கிட்க்சான் பையன்கள் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கோட்டை அவரிடம் திரும்பக் கற்றார்கள். ‘வெளியாள் தொடவே கூடாது’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இந்த இடம் சங்கடமானது.

உண்மையில் வெளியாள் செதுக்குவது அந்த மரபுக்குள்ளேயே இருந்தது. இதுதான் நான் இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாக நினைப்பது. ட்லிங்கிட் சமூகம் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பாதிகளாகப் பிரிந்தது. கல்யாணம் எப்போதும் எதிர்ப் பாதியில். ஒரு குலம் தனக்குக் கம்பமோ வீடோ எழுப்ப வேண்டுமென்றால் வேலையைக் கொடுப்பதும் எதிர்ப் பாதிக்காரருக்குத்தான். அதாவது, கழுகுக் குறியை நாள் முழுக்கச் செதுக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கழுகின் மீது எந்த உரிமையும் கிடையாது. குறி, அதன் பின்னாலிருக்கும் கதை, கதையோடு வரும் பாட்டு, பெயர் எல்லாம் குலத்துக்குச் சொந்தம். செதுக்கியவருக்குக் கூலி, அதுவும் விருந்தில், எல்லோர் கண்முன்னே. வந்த விருந்தாளிகளுக்கும் பரிசு உண்டு, சாட்சியாக இருந்ததற்கான கூலி அது. ‘இந்தக் குறி இவர்களுடையது, இந்தக் கதையைச் சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டு’ என்று நாளை யாராவது கேட்டால் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஆக, கை வேறு, உரிமை வேறு. கை யாரிடமும் இருக்கலாம். ‘உந்துதல்’ பட்டறையில் இல்லாதது திறமையோ பிறப்போ மட்டும் அல்ல; வேலை கொடுத்த குலமும் சாட்சியும்கூட அங்கே கிடையாது. மடித்த பெட்டியை, வாச்சி வேலையை, ஏன் ஃபார்ம்லைனையேகூட ஒருவர் கற்று, தன் மனத்தில் தோன்றிய ஒரு நீர்நாயை வரைந்தால் அது ஒன்று. ஏதோ ஒரு குலத்தின் கம்பத்தை அருங்காட்சியகப் படத்தைப் பார்த்து அப்படியே செதுக்கினால் அது வேறு. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். குலத்துக்காரருக்கு இரண்டாவது, தன் வீட்டுப் பத்திரத்தை யாரோ பிரதி எடுத்து விற்பது மாதிரி.

விற்பனைக்குச் செய்வதே பாவம் என்று அந்த மக்கள் நினைத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 1820-கள் முதலே ஹைடா செதுக்குநர்கள் தங்கள் தீவில் கிடைக்கும் கறுப்புக் கல்லில் மாலுமிகளுக்குப் புகைக்குழாயும் பொம்மையும் செய்து விற்றார்கள். கப்பல் கேப்டனின் முகத்தையே செதுக்கி அவரிடமே விற்றதும் உண்டு. சந்தைக்கு எது, வீட்டுக்கு எது என்ற கோடு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

அந்தக் கோட்டை வெளியார் எப்படி மிதித்தார்கள் என்பதற்கு சியாட்டிலே சாட்சி. 1899-இல் அந்நகரின் வணிகப் பிரமுகர்கள் கப்பலில் அலாஸ்கா சுற்றுலா போனார்கள். திரும்பும் வழியில் டோங்காஸ் என்ற ட்லிங்கிட் ஊரில் இறங்கி, ஆண்கள் மீன்பிடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு கம்பத்தை அறுத்து எடுத்து வந்து நகரின் நடுச்சதுக்கத்தில் நட்டார்கள். வழக்கு வந்தது, 500 டாலரில் முடிந்தது. 1938-இல் யாரோ தீ வைக்க, அந்தக் கம்பம் கெட்டுப்போனது. பிறகு பூர்வகுடிச் செதுக்குநர்களைக் கொண்டே பதில் கம்பம் செய்து 1940-இல் நட்டார்கள். இன்று சியாட்டில் என்றாலே கடைகளில் குட்டிக் கம்பங்கள். வேடிக்கை என்னவென்றால், சியாட்டில் நிற்பது சேலிஷ் மக்களின் மண்ணில். அவர்களுக்கு உயரக் கம்பம் நடும் வழக்கமே இல்லை. வீட்டுக்குள் தாங்கும் தூணில்தான் செதுக்கினார்கள். அவர்கள் கோடும் வேறு: வட்டம், பிறை, முக்கோண வெட்டு. 1980-களில் மஸ்குவியம் ஊரைச் சேர்ந்த சூசன் பாயின்ட் போன்றவர்கள் அதை மீட்டெடுக்கும்வரை, சொந்த மண்ணிலேயே அதைக் கேட்பாரில்லை. ‘பூர்வகுடி மரபின் உந்துதல்’ என்ற வரி எந்தப் பூர்வகுடி என்று சொல்லாமல் நழுவுவது இப்படித்தான்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லியோ அப்படித் தோன்றவைத்தோ விற்றால் தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. கவனியுங்கள், குற்றம் பொய்தான், பாணி இல்லை. ஒரு நார்வேக்காரர் ஹைடா பாணியில் செதுக்கி, ‘நான் நார்வேக்காரன்’ என்று எழுதி விற்றால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. 2021 டிசம்பரில் சியாட்டிலில் இரண்டு செதுக்குநர்கள் மீது தனித்தனியே வழக்குப் போட்டார்கள். இருவரும் தங்களைப் பழங்குடி உறுப்பினர் என்று சொல்லி விற்றிருந்தார்கள், இருவரும் இல்லை. 2023-இல் கண்காணிப்புத் தண்டனையோடு முடிந்தது. அதே ஆண்டு அலாஸ்காவின் கெட்சிகன் ஊரில், பிலிப்பைன்ஸில் செதுக்கி வரவழைத்த கம்பங்களை உள்ளூர்ப் பூர்வகுடி வேலை என்று விற்ற கடைக்காரருக்கு இரண்டாண்டு சிறை. கனடாவில் இப்படித் தனிச்சட்டமே இல்லை. வான்கூவர் கடைத்தெருவில் பிளாஸ்டிக் கம்பம் கூச்சமின்றி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் தொடாத இடத்தில் பழக்கவழக்கம் வேலை செய்கிறது. நேர்மையான பட்டறைக்காரர் என்று அங்கே மதிக்கப்படுபவர்கள் சில விஷயங்களில் ஒத்துப்போகிறார்கள். யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்கிறார்கள். எந்த மக்களின் பாணி என்று குறிப்பிடுகிறார்கள், பொதுவாகப் ‘பூர்வகுடி’ என்று மழுப்புவதில்லை. குலத்துக்குரிய குறியைக் கேட்டு வாடிக்கையாளர் வந்தால், அந்தக் குலத்தின் செதுக்குநரிடம் அனுப்பிவைக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆள் தெரியும், ஏனென்றால் இதில் காசு போகிறது. சிலருக்கு வேறு வழியும் திறந்திருக்கிறது. ஜான் லிவிங்ஸ்டன் பூர்வகுடியில் பிறந்தவர் இல்லை; டோனி ஹன்ட்டோடு பல ஆண்டு விக்டோரியாவில் வேலை செய்தார். ஹன்ட் குடும்பம் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. தத்து என்பது பாராட்டுப் பத்திரம் இல்லை. பெயரோடு கடமையும் வரும், விருந்துக்குத் தோளும் கொடுக்க வேண்டும்.

நகல் எடுப்பது எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1872-இல் ஹைஸ்லா மக்கள் நட்ட ஒரு கம்பம் 1929-இல் ஸ்வீடனுக்குப் போனது. திருப்பிக் கேட்டபோது அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: நாங்களே ஒரு நகல் செதுக்கித் தருகிறோம், அசலைக் கொடுங்கள். நகல் ஸ்டாக்ஹோமில் நிற்கிறது, அசல் 2006-இல் ஊருக்கு வந்தது. இங்கே நகலுக்கு உரிமைக்காரர், சாட்சி, சம்மதம் எல்லாம் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஸ்டாக்ஹோமில் இருக்கும் அந்த நகல் பல ‘அசல்’களை விட அசல்.

கடைசியாக ஹைடா தீவின் மாசெட் ஊர். அங்கே ஏறக்குறைய 90 ஆண்டுகளாகப் புதிதாக ஒரு கம்பமும் நடவில்லை. 1969-இல் ராபர்ட் டேவிட்சன் என்ற 22 வயதுப் பையன் ஒன்றைச் செதுக்கினான். மார்ட்டினிடமும் பில் ரீடிடமும் வேலை பழகியவர்களின் காலத்தில் வந்தவன், ரீடிடமே கற்றவன், பெரும் செதுக்குநர் சார்ல்ஸ் ஈடன்ஷாவின் கொள்ளுப்பேரன். கை தயார். ஆனால் கம்பத்தை எப்படி நடுவது, எந்தப் பாட்டு, எந்த ஆட்டம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. முதியவர்கள் கூடி, ஆளுக்கொரு துண்டாக நினைவைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு பாட்டை முகமூடி அணிந்துதான் ஆட வேண்டும். முகமூடி எங்கே? எல்லாம் அருங்காட்சியகங்களில்.

டேவிட்சன் பிற்காலத்தில் சொன்ன நினைவு இது. அவருடைய பாட்டி, ஈடன்ஷாவின் மகள் ஃப்ளாரன்ஸ், ஒரு காகிதப் பையை எடுத்தார். கண்ணுக்கு இரண்டு துளை கிழித்தார். தலையில் கவிழ்த்துக்கொண்டு பாடி ஆடினார். அந்த நேரத்தில் அந்த ஊரில் இருந்த முகமூடி அது ஒன்றுதான்.